யாரும் எழுந்து வராத விருந்து

மைக்கில் மறுபடியும் சொல்லியாகிவிட்டது.

“அன்பார்ந்த பெற்றோர்களே, மதிய உணவு தயார். தாங்களே வந்து எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.”

ஒரு நாற்காலிகூட அசையவில்லை.

கூடத்தின் ஓரமாக நீள மேசை. அதன்மேல் வெள்ளைத் துணி, சுற்றிலும் தரை தொடும் பச்சைக் கொசுவம். மூடி போட்ட எவர்சில்வர் சட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் நீலமாகச் சின்னத் தீ. நெய்ச்சோறு, தால்சா, சீலா மீன் வறுவல், காய்கறிக் குருமா, ரசம், கடைசியில் கண்ணாடிக் கிண்ணத்தில் மஞ்சளாகப் பழக் கஸ்டர்டு. விடியும் முன்பே வந்து நாங்களே நறுக்கி, நாங்களே வதக்கி, நாங்களே அடுக்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கறுப்புப் பேன்ட், வெள்ளைச் சட்டை, கழுத்தில் வில் மாதிரி ஒரு டை என்று மேசைக்குப் பின்னால் விறைப்பாக நின்றிருந்தேன்.

எதிரே வட்ட மேசைகளைச் சுற்றி எங்களைப் பெற்றவர்கள். வேட்டியும் சேலையும் புர்காவுமாகக் கூடம் நிறைந்திருந்தது. வீட்டுக்கு இரண்டு பேர் வரலாம் என்று சொல்லியிருந்தோம். சொந்தபந்தம், அக்கம்பக்கம் என்று வந்துவிட்டதால் வராந்தாவிலும் ஆட்கள் நின்றார்கள்.

எல்லோரும் சட்டிகளைப் பார்த்தார்கள். பிறகு எங்களைப் பார்த்தார்கள். பிறகு மின்விசிறியைப் பார்த்தார்கள்.

அன்றுதான் எங்களுக்குக் கடைசிச் செய்முறைத் தேர்வு. நான்தான் குழுத் தலைவி.

அண்ணன் போட்ட சண்டை

இந்தத் தொடரை ஒரு வாரம் விடாமல் படிக்கிறவன் என் அண்ணன். நான் சமுதாயக் கல்லூரியில் சேர்ந்த கதையைப் போன வாரம் படித்துவிட்டுப் போனில் சண்டைக்கு வந்தான்.

“எல்லாத்தையும் எழுதுன. அய்யா போட்ட கண்டிசன மட்டும் ஏன் விட்டுட்ட? அதை விட்டா அப்புறம் என்ன கதை இருக்கு?”

நியாயம்தான். அப்பாவை நாங்கள் அய்யா என்போம். அவர் போட்ட நிபந்தனையைச் சொல்லாமல் அந்த மதியத்தைச் சொல்ல முடியாது.

எங்கள் ஊர் ஆர்.எஸ்.மங்கலத்துக்கும் உள்ளே. பஸ்ஸை விட்டு இறங்கிக் கண்மாய்க் கரையோடு நடக்க வேண்டும். சொந்த வயல், சொந்த மாடு, சொந்தக் கௌரவம் என்று வாழும் குடும்பம். பிளஸ் டூ முடித்ததும் ராமநாதபுரம் சமுதாயக் கல்லூரியில் ஓட்டல் மேனேஜ்மென்ட் பட்டயப் படிப்பில் சேர்ந்தேன். ‘மேனேஜ்மென்ட்’ என்ற சொல் அய்யாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. “பாப்பா மேனேஜர் படிப்பு படிக்குது” என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டவர் பெரியப்பா, அய்யாவின் கூடப்பிறந்த அண்ணன். ராமேஸ்வரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய் ஓட்டலில் தங்கிவிட்டு வந்தவர், நேராக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

“ஏலே தம்பி, மேனேஜர் படிப்பும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. பேன்ட் சட்டை போட்ட புள்ளைக அங்கன எச்சித்தட்டு எடுக்குதுக. என் கண்ணால பாத்தேன். விசாரிச்சா, நம்ம பாப்பா படிக்கிற அதே படிப்பாம்.”

அய்யாவின் முகம் சுண்டிப்போனது. மறுநாள் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கூப்பிட்டார்.

“சமைக்கக் கத்துக்க. இங்கிலீசு பேசக் கத்துக்க. எது வேணாலும் கத்துக்க. அடுத்தவுக எச்சித்தட்டுல மட்டும் கை வைக்கப்புடாது. வச்சேன்னு காதுல விழுந்துச்சு, அன்னையோட படிப்பும் கெடையாது, வேலையும் கெடையாது. வீட்டுக்கு வந்துரணும்.”

இதில் அய்யாவை மட்டும் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்துப் பந்திகளில் பரிமாறுவது கௌரவம். ஊர்ப் பெரிய மனிதர்களே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்குவார்கள். இலை எடுப்பதற்கு மட்டும் வேறு ஆட்கள் வருவார்கள். அந்த ஆட்கள் யார், ஏன் எப்போதும் அவர்களே என்று யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. நானும் அந்தப் படிப்புக்குப் போகும்வரை கேட்டதில்லை.

துண்டில் செய்த அன்னம்

படிப்போ எனக்குத் தேனாக இனித்தது. எங்கள் ஆசிரியர் ஸ்டீபன் சார் கப்பலில் சமையல் வேலை பார்த்து ஊர் ஊராகச் சுற்றியவர். ஒரு வெங்காயத்தை எத்தனை விதமாக நறுக்கலாம் என்று அவர் காட்டிய அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. வெங்காயத்துக்குப் போய் யாராவது இப்படிப் பரவசப்படுவார்களா? நான் பட்டேன்.

கட்டில் விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்து மூலையைச் செருகுவது, கண்ணாடி டம்ளரை ஆவி காட்டித் துடைப்பது, முள்கரண்டியை எந்தப் பக்கம் வைப்பது, போனை எடுத்ததும் என்ன சொல்வது என்று தினமும் ஏதாவது ஒன்று புதிதாக வந்துகொண்டே இருக்கும். பஸ்ஸில் திரும்பும்போதே கை பரபரக்கும். வீட்டுக்கு வந்ததும் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, “குட் ஈவினிங் மேடம், மே ஐ டேக் யுவர் ஆர்டர்?” என்பேன். அம்மா சிரித்துக்கொண்டே, “ரெண்டு கொடம் தண்ணி எடுத்துட்டு வா” என்பார்.

துணியை மடித்து அன்னப்பறவை செய்யக் கற்றுத்தந்த வாரம் வீட்டில் ஒரு துண்டும் தப்பவில்லை. வயலுக்குக் கிளம்பிய அய்யா கொடியில் துண்டைத் தேடினார். அது பெட்டிமேல் கழுத்தை வளைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு ஒரே உதறாக உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சிரித்தாரா இல்லையா என்று எனக்கும் அம்மாவுக்கும் ரொம்ப நாள் வாக்குவாதம் நடந்தது.

எல்லாம் கற்றுக்கொண்டேன். அய்யா சொன்ன அந்த ஒன்றை மட்டும் தொடவில்லை.

ரிஸ்வானாவின் கேள்வி

தொடாமல் எப்படித் தப்பித்தேன் என்றால், ரிஸ்வானாவால்தான். தொண்டிக்காரி. அவளுடைய வாப்பா சொந்தமாகப் படகு வைத்திருந்தார். வகுப்பில் சாப்பாட்டு மேசைப் பயிற்சி முடிந்ததும் அவள் தட்டுகளை எடுப்பாள், நான் டம்ளர்களைத் துடைப்பேன். எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம்.

ஒருநாள் அவளே கேட்டாள். “ஏண்டி, தட்டுன்னா உனக்கு என்னடி அவ்வளவு பயம்?”

அய்யாவின் நிபந்தனையைச் சொன்னேன். அவளுக்குப் புரியவே இல்லை.

“எங்க வீட்டு விசேஷத்துல ஒரு சஹனைச் சுத்தி நாலு பேரு உக்காந்து சாப்பிடுவோம். எல்லாக் கையும் ஒரே சோத்துலதான் கெடக்கும். இதுல யாரு எச்சி எதுன்னு எப்படிடி பிரிக்கிறது?”

சஹன் என்றால் பெரிய தாம்பாளம். பிறகு அவள் அக்கா நிக்காஹுக்குப் போனபோது என்னையும் இழுத்து ஒரு சஹன் முன்னால் உட்காரவைத்துவிட்டாள். பிரியாணி நடுவில் மலையாக இருந்தது. முதலில் என் பக்கத்து ஓரத்தில் மட்டும் பதுங்கிப் பதுங்கிக் கிள்ளிக்கொண்டிருந்தேன். அவள் கறித்துண்டுகளைப் பொறுக்கிப் பொறுக்கி என் பக்கம் தள்ளினாள். கொஞ்ச நேரத்தில் வெட்கத்தை விட்டு வெளுத்துக்கட்டினேன். வீட்டில் அதைச் சொல்லவில்லை.

கூப்பிடாத விருந்து

கூடத்துக்குத் திரும்புவோம். அங்கே தால்சா ஆறிக்கொண்டிருக்கிறது.

தேர்வாளராக வந்திருந்தவர் ராமேஸ்வரத்தில் ஒரு பெரிய ஓட்டலின் மேலாளர். எங்களில் இரண்டு பேரைத் தன் ஓட்டலுக்கு வேலைக்கு எடுப்பதாக முன்பே சொல்லியிருந்தார். எனக்கு அந்த வேலை வேண்டும். பாம்பன் தாண்டி, கடல் தெரிகிற ஓர் ஓட்டலில், சீருடை போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். வேறு எதையும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்டீபன் சார் நெற்றியைத் துடைத்தார். “என்னம்மா, யாருக்குமே பசிக்கலையா?” என்று என் காதில் கிசுகிசுத்தார்.

பசி எல்லோருக்கும் இருந்தது. காலையில் முதல் பஸ் பிடித்து வந்தவர்கள். முன் மேசையில் அய்யா. கல்யாண வீட்டுக்குப் போகிற சட்டை. பக்கத்தில், எதையாவது பார்த்துவிட்டுப் போய்ச் சொல்ல வேண்டும் என்றே கிளம்பி வந்த பெரியப்பா. பெரியப்பா அய்யாவிடம் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

“தட்டத் தூக்கிக்கிட்டு நாமளாப் போயி நிக்கணுமாம்லே. நம்மள என்ன நெனச்சாக? வாங்கன்னு ஒரு வார்த்தை கூப்பிட நாதியில்ல.”

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. பஃபே என்றால் என்ன என்று ஓர் ஆண்டாகப் படித்திருக்கிறோம். சட்டியின் வரிசை தெரியும், கரண்டியின் அளவு தெரியும், வரிசை எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று தெரியும். எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு மொய்யோடு வந்தவரே, “சாப்பிட வாங்க” என்று முகம் பார்த்துக் கூப்பிடாவிட்டால் பச்சைத்தண்ணீர் குடிக்காமல் திரும்பிவிடுவார். அப்படித் திரும்பிப் போனதால் பேச்சுவார்த்தை அறுந்த குடும்பங்கள் உண்டு. மைக்கில் பொதுவாகச் சொன்னால் அது யாருக்குச் சொன்னதாகும்? அந்த ஊர்க்காரர்களின் பிள்ளைகளான நாங்கள் எல்லோருமே சேர்ந்து இதை மறந்திருந்தோம்.

சேவைப் பணியில் இருப்பவர் தன் இடத்தை விட்டு நகரக் கூடாது. அது விதி, அதற்கு மதிப்பெண் உண்டு. நான் மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.

“எங்கம்மா போற?” என்றார் சார்.

“கூப்பிடப் போறேன் சார்.”

முதலில் ரிஸ்வானாவின் வாப்பாவிடம் போனேன். “மாமா, சாப்பிட வாங்க. நாங்க சமைச்சது, நீங்க சாப்பிட்டுச் சொல்லணும்.” அவர் உடனே எழுந்தார். அவர் கையில் ஒரு தட்டைக் கொடுத்து மேசைவரை கூடவே போனேன். அடுத்து ஒரு அத்தை. அடுத்து ஒரு சித்தி. பெயர் தெரியாத யாரையும் ஏதாவது உறவுமுறை வைத்துக் கூப்பிடுவதில் நம் ஆட்களுக்கு என்ன கஷ்டம்? ரிஸ்வானா என்னைப் பார்த்துப் புரிந்துகொண்டு, தன் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். பிறகு எல்லோருமே. ஒரு சட்டிக்குப் பின்னாலும் ஆள் இல்லை. கூடம் முழுக்க “வாங்க பெரியம்மா, வாங்கண்ணே, எந்திரிங்க மாமா” என்று ஒரே சத்தம்.

சும்மா சொல்லக் கூடாது, அந்த நேரத்தில் எனக்கு ரெக்கை முளைத்திருந்தது.

மேலாளர் எதையோ குறித்துக்கொண்டார். மதிப்பெண் போயிருக்கும். போகட்டும் என்றுதான் தோன்றியது.

பெரியப்பாவைக் கூப்பிட்டேன். முறைப்பாக எழுந்து போனவர், மீன் வறுவலைக் கண்டதும் ஒரு துண்டுக்கு மூன்று துண்டாக வைத்துக்கொண்டார். கடைசியாக அய்யா.

“அய்யா, சாப்பிட வாங்க.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “மொதல்ல வந்தவுகளக் கவனி. நான் பெறகு சாப்பிட்டுக்கிறேன்.”

விருந்து கொடுக்கிற வீட்டுக்காரர் சொல்கிற பேச்சு அது. விருந்தாளி அப்படிச் சொல்ல மாட்டார். அதைக் கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அய்யா எழுந்து சட்டைக் கையை மடித்துவிட்டார். ஒவ்வொரு மேசையாகப் போய், “தால்சா வச்சுக்கிட்டீகளா? ரசம் வாங்கலையா? கூச்சப்படாமச் சாப்பிடுங்க” என்று உபசரிக்க ஆரம்பித்தார். தண்ணீர்ச் செம்பு எங்கிருந்து கிடைத்ததோ, அதுவும் கையில் வந்துவிட்டது.

மேலாளர் அவரை நிறுத்தி, “நீங்க இங்க ஸ்டாஃபா?” என்று கேட்டார்.

“இல்லங்க. அந்தா நிக்குது பாருங்க, அந்தப் புள்ளயோட அய்யா.”

தட்டுகள்

முதல் பந்தி முடிந்தது. பஃபேயில் பந்தி உண்டா என்று கேட்காதீர்கள், எங்கள் பஃபேயில் உண்டு. சாப்பிட்டவர்கள் தட்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்கள். வராந்தாவில் நின்ற மற்றவர்கள் உள்ளே வந்து, நாற்காலிகளுக்குப் பின்னால் இடம்பிடித்து நின்றார்கள். மேசை முழுக்க மீன் முள்ளும் கறிவேப்பிலையும் கிடந்தன.

ரிஸ்வானா ஓடி ஓடி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல டம்ளர்கள் பக்கம் நகர்ந்தேன். மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

“நீங்கதானே லீடர்? எல்லாம் பார்த்தேன். நீங்க தட்டு எடுத்து இன்னும் பார்க்கலையே?”

“சார், அது என்னோட வேலை” என்று ரிஸ்வானா குறுக்கே வந்தாள்.

“உங்களோடதைப் பார்த்துட்டேம்மா. இவங்க எடுக்கட்டும். மேசையைக் காலி பண்ணத் தெரியாதவங்களை நான் எப்படி வேலைக்கு எடுக்கிறது?”

அய்யா நான்கு அடி தள்ளித் தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தார். அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. எடுக்காவிட்டால் இந்த வேலை இல்லை. எடுத்தால் வீடுதான். யோசித்துப் பார்த்து முடிவெடுத்தேன் என்று இப்போது எழுதலாம். உண்மையில் என் கை தானாகவே நீண்டுவிட்டது. அவ்வளவு ஆசையாக இருந்தது எனக்கு அந்த வேலை.

முதலில் எடுத்தது ரிஸ்வானாவின் வாப்பா சாப்பிட்ட தட்டு. ஓர் ஆண்டாகப் பார்த்துப் பார்த்தே பழகியிருந்தேன் போலிருக்கிறது. முதல் தட்டு உள்ளங்கையில், இரண்டாவது முழங்கையை ஒட்டி. முள்ளையெல்லாம் ஒரு தட்டில் வழித்து, மற்றதை அடுக்கினேன். குளிர்ந்துபோன நெய் விரலில் பிசுபிசுத்தது. அய்யாவின் பக்கம் நான் திரும்பவில்லை.

எனக்கு அந்த வேலை கிடைத்ததா என்று இப்போதே கேட்பீர்கள். எனக்கும் ரிஸ்வானாவுக்கும் கிடைத்தது, ஆனால் அந்தத் தகவல் வர நாளாயிற்று. நான் சொல்ல வந்தது வேறு.

அடுத்த மேசை பெரியப்பாவுடையது. அவர் கை கழுவிவிட்டுத் திரும்பி வந்து தன் தட்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். பார்த்துவிட்டார் என்று முகத்திலேயே தெரிந்தது. அந்த மேசையைத் தாண்டிப் போய்விடலாம் என்று நினைத்தேன். பின்னாலிருந்து அய்யாவின் குரல் வந்தது.

“ஏத்தா!”

அவ்வளவுதான், கூட்டிக்கொண்டு கிளம்பப் போகிறார் என்று நினைத்தேன். கையில் தட்டுகளோடு திரும்பினேன்.

அய்யா நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றவர்களைக் காட்டினார். “அடுத்த ஆளுக நிக்கிறாக. பெரியப்பா தட்டு அங்கனயே கெடக்கு பாரு.”

பெரியப்பா பதறிப்போய்த் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். “வேணாந்தா, நீ எடுக்காத. நானே கொண்டுபோயிப் போட்டுக்கிறேன்.”

“விடுண்ணே” என்றார் அய்யா. “அது வேலைய அது பாக்குது.”

பெரியப்பா கையை எடுத்துக்கொண்டார். நான் அந்தத் தட்டையும் அடுக்கில் வைத்துக்கொண்டு, ரிஸ்வானாவிடம் சொல்வதற்காகப் பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு ஓடினேன்.